மேட்டிலிருந்து உருண்ட கோலிக்காய்: சி. எச். வாடிங்டன் (1905–1975)

மலர்க் குழுத் தம்பிமார் கட்டுரை கேட்டு வீட்டுக்கு வந்தபோது, விடுதிச் சாம்பாரைப் பற்றியும், வார்டனுக்குத் தெரியாமல் குலசை தசராவுக்கு நடந்தே போன கதையையும் எழுதித் தந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எழுத நம்ம செட்டில் ஆள் நிறைய உண்டு. நான் வேறொருவரைப் பற்றி எழுதுகிறேன். விலங்கியல் படித்தவர்கள் அவர் பெயரைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்திருப்பீர்கள். கான்ராட் ஹால் வாடிங்டன். கருவியல் அறிஞர்.

எனக்கு அவர் மறக்காமல் போனதற்குக் காரணம் என் அறைத் தோழன். பெயர் வேண்டாம், எங்க செட்டுக்காரர்களுக்குத் தெரியும். நூலகத்திலிருந்து வாடிங்டன் 1956-ல் எழுதிய கருவியல் நூலை எடுத்துவந்து மாதக்கணக்கில் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டு, பென்சிலால் கோடு போட்டுப் போட்டுப் படிப்பான். எங்களுக்கு அது கேலி. 1974-ல் மூன்றாம் ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் அவனுக்குப் பல்லீறில் ரத்தம் கசிந்தது, தொடையிலும் கையிலும் நீலத் திட்டு. கபடியில் அடிபட்டது என்று நினைத்தோம். மூன்றே வாரம். ரத்தப் புற்று, அதிலும் மிக வேகமான ஒரு வகை என்றார்கள். ப்ரோமைலோசைட்டிக் என்று சீட்டில் எழுதியிருந்தது. அவன் படித்துக்கொண்டிருந்த புத்தகத்துக்கும் அவனைக் கொண்டுபோன நோய்க்கும் நெருங்கிய சொந்தம் உண்டு என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

வாடிங்டன் பிறந்தது இங்கிலாந்தில் ஈவ்ஷாம் என்ற ஊர், 1905 நவம்பர் 8. ஆனால் தவழ்ந்ததும் நடை பழகியதும் நம்ம பக்கத்தில்தான். அவர் தகப்பனார் வயநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். வயநாடு அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் ஜில்லா. மூணு நாலு வயசிலேயே பிள்ளையைச் சீமைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலத்துத் தோட்டத் துரைமார் எல்லாரும் செய்ததுதான். பெற்றோர் 1928 வரை இந்தியாவிலேயே இருந்தார்கள். பையன் அத்தை மாமா, பாட்டி வீட்டில் வளர்ந்தான். கொழும்புக்குக் கடை வைக்கப் போன அப்பாவை வருஷத்துக்கு ஒருதரம் பார்த்து வளர்ந்த நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. அங்கே மருந்துக்கடை வைத்திருந்த தூரத்து உறவினர் ஒருவர் அவனைக் கூட வைத்துக்கொண்டு, ரசாயனம், கல், மண் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். பையன் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிட்டான்.

கேம்பிரிட்ஜில் அவர் முதலில் படித்தது மண்ணியல். 1926-ல் முதல் வகுப்பில் தேறினார். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுப் புதைபடிவங்கள். நம்ம அரியலூர்ப் பக்கம் கிடைக்கிறதே, அதே இனம். கல்லாகிப்போன ஓட்டின் சுருளைப் பார்த்துப் பார்த்து, இது உயிரோடு இருந்தபோது எப்படி வளர்ந்து இந்த வடிவத்துக்கு வந்தது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. மண்ணியலை விட்டுவிட்டுக் கருவியலுக்குத் தாவினார். துறை மாறப் பயப்படுகிற இன்றைய தம்பி தங்கைகள் இதைக் கவனிக்கணும்.

அப்போது கருவியல் உலகம் முழுவதும் ஜெர்மனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. 1924-ல் ஹான்ஸ் ஸ்பீமானும் அவர் மாணவி ஹில்டே மாங்கோல்டும் ஒரு சோதனையை வெளியிட்டிருந்தார்கள். நியூட் என்ற, பல்லி போலிருக்கும் நீர்நில வாழ்வியின் கருவில் ஒரு சிறு துணுக்கை வெட்டி இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கத்தில் வைத்தார்கள். அங்கே இரண்டாவதாக ஒரு முதுகெலும்பும் மூளையும் உருவாகத் தொடங்கிவிட்டது! அந்தத் துணுக்குக்கு ஆர்கனைசர், அதாவது அமைப்பாளர், என்று பெயர். ஸ்பீமானுக்கு 1935-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஹில்டே பாவம், கட்டுரை வெளிவந்த வருஷமே தீவிபத்தில் இறந்துவிட்டார்.

நீரில் வாழும் கருவில் சரி, ஓட்டுக்குள் இருக்கிற கோழிக் கருவில் இது நடக்குமா? வாடிங்டன் கேம்பிரிட்ஜில் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்துகொண்டு அதைச் செய்தார். நம்ம ஆய்வகத்தில் முட்டையில் ஜன்னல் வெட்டி, 33 மணி நேரக் கருவை உப்புநீரில் மிதக்கவிட்டு எடுப்போமே, பாதிப் பேருக்குக் கிழிந்து போகும். அவர் அதைவிட இளங்கருவை வெளியே எடுத்து, கண்ணாடித் தட்டில் உறைந்த பிளாஸ்மா மேல் வைத்து உயிரோடு வளர்த்தார். ஒரு கருவின் நடுக்கோட்டுத் துணுக்கை இன்னொன்றின் அடியில் வைத்தார். கோழிக்கு வாத்து, வாத்துக்குக் கோழி என்று மாற்றியும் வைத்துப் பார்த்தார். புதிய நரம்புத்தண்டு உருவாயிற்று. அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டவில்லை.

அடுத்து வந்ததுதான் அவர் வாழ்க்கையின் பெரிய ஏமாற்றம். 1932-ல் ஜெர்மானியர்கள் அமைப்பாளர் திசுவைக் கொன்றுவிட்டு வைத்தாலும் வேலை நடக்கிறது என்று காட்டினார்கள். செத்த திசு வேலை செய்கிறதென்றால் அதில் ஏதோ ஒரு ரசாயனப் பொருள் இருக்கணும். அதைப் பிரித்தெடுத்துவிட்டால் உயிரின் வடிவத்துக்கே சாவி கையில்! வாடிங்டனும் ஜோசப் நீதாமும் அவர் மனைவி டோரதியும் சேர்ந்து தேடினார்கள். சீன அறிவியல் வரலாறு எழுதிப் புகழ்பெற்ற அதே நீதாம்தான். கொழுப்பில் கரையும் பொருள், ஈரலிலிருந்து எடுத்தது என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள்.

அப்போதுதான் லண்டனில் தாரிலிருந்து புற்று உண்டாக்கும் பொருள்களைப் பிரித்து எடுத்திருந்தார்கள். அந்த வகை ஹைட்ரோகார்பன்களை வாடிங்டனும் டோரதி நீதாமும் நியூட் கருவில் வைத்தார்கள். சிலவற்றில் நரம்புத்திசு உண்டாயிற்று. வளர்ந்த உடம்பில் புற்றைக் கிளப்புகிற பொருள் கருவில் வைத்தால் மூளையின் தொடக்கத்தைக் கிளப்புகிறது! இதைப் பார்த்த மனுஷனுக்குத் தூக்கம் வந்திருக்காது. 1935-ல் நேச்சர் பத்திரிகையில் புற்றுநோயையும் அமைப்பாளர் கொள்கையையும் இணைத்து ஒரு கட்டுரை எழுதினார். உடம்பின் ஒவ்வொரு பகுதியிலும் செல்களை அந்தந்த உறுப்பாக இருக்கும்படி பிடித்து வைத்திருக்கும் ஒரு கட்டு இருக்கிறது. கருவில் அந்தக் கட்டுதான் வடிவம் தருகிறது, பெரியவர்களில் அதுதான் வடிவத்தைக் காக்கிறது. அந்தக் கட்டிலிருந்து தப்பித்துக்கொண்ட செல்தான் புற்று என்பது அவர் கருத்து. புற்றுநோயை வளர்ச்சியின் வேகமாக மட்டுமே பலரும் பார்த்த காலம் அது. இவர் அதை வளர்ச்சியின் ஒழுங்கு கெட்டுப்போனதாகப் பார்த்தார்.

ஆனால் சாவி கிடைக்கவில்லை. மறுவருஷமே மெதிலின் நீலம்கூட அதே வேலையைச் செய்தது. ஸ்லைடுக்குச் சாயம் போடுகிறோமே, அந்த மெதிலின் நீலம்! எந்தக் கண்ட பொருளை வைத்தாலும் பூட்டு திறக்கிறது என்றால் அது சாவியா? ராக்ஃபெல்லர் நிதியத்தில் பணம் வாங்கி கேம்பிரிட்ஜில் தனி நிறுவனம் தொடங்க நண்பர்கள் போட்ட திட்டமும் நடக்காமல் போயிற்று. வேறொருவராக இருந்தால் மனம் விட்டிருப்பார். வாடிங்டன் தோல்வியையே திருப்பிப் போட்டுப் பார்த்தார். வெளியிலிருந்து வருகிற தூண்டுதல் எதுவாகவும் இருக்கலாம். அதைக் கேட்டு நரம்பாக மாறத் தயார் நிலையில் திசு இருப்பதுதான் முக்கியம் என்றார். அந்தத் தயார் நிலை ஜீன்களிடம் இருக்கிறது என்றார். (1990-களில்தான் மிச்சக் கதை தெரிந்தது. அந்தத் திசு நரம்பாகும் இயல்போடுதான் இருக்கிறது, பி.எம்.பி. என்ற புரதம் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. அமைப்பாளர் அனுப்பும் நாகின் போன்ற புரதங்கள் அந்தத் தடையை நீக்குகின்றன. சாவி தேடியவர்களுக்குத் தாழ்ப்பாள்தான் விடை!)

ஜீன்களைத் தேடி 1938-ல் அமெரிக்கா போனார், கலிஃபோர்னியாவில் மார்கன் நடத்திய துறைக்கு. அங்கே பழ ஈ. சிறகு உருவாவதில் எந்தெந்த ஜீன் எந்தக் கட்டத்தில் கை வைக்கிறது என்று பொறுமையாகப் பார்த்தார். அவரை மிகவும் ஈர்த்தது அரிஸ்டாபீடியா என்ற மாற்றம். ஒரே ஒரு ஜீனில் கோளாறு, ஈயின் தலையில் உணர்கொம்பின் நுனி இருக்க வேண்டிய இடத்தில் கால் நுனி முளைத்துவிடுகிறது. கால் கோணலாக இல்லை, ஒழுங்கான கால். இடம்தான் தப்பு. ஆக, சில ஜீன்கள் ஒரு உறுப்பின் சிறு பகுதியைக் கட்டுவதில்லை, எந்த உறுப்பு என்பதையே தீர்மானிக்கின்றன. கவை பிரியும் இடத்தில் நின்றுகொண்டு இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று திருப்பிவிடுகின்றன.

இதிலிருந்து பிறந்ததுதான் அவருடைய புகழ்பெற்ற படம். 1940-ல் எழுதிய நூலில் ஜான் பைப்பர் என்ற ஓவியர் வரைந்த ஆற்றுக் காட்சியாக முதலில் வந்தது. 1957-ல் வந்த நூலில்தான் நாம் கரும்பலகையில் பார்த்த வடிவம்: சரிவான ஒரு மேடு, மேலே ஒரு கோலிக்காய். கீழ்நோக்கிப் பள்ளங்கள் கவை கவையாகப் பிரிகின்றன. கோலிதான் செல். உருண்டு வரும்போது ஒவ்வொரு கவையிலும் ஒரு பள்ளத்தில் விழுகிறது. அடிவாரத்தில் ஒரு பள்ளம் தோல், ஒன்று தசை, ஒன்று ரத்தம். (தேரி மணலில் கோலி உருளாதே என்று யாரும் கேட்க வேண்டாம்.)

கடைமடைக்காரர்களான நமக்கு இந்தப் படத்தை விளக்கவே வேண்டாம். பொதிகையில் புறப்படுகிற தண்ணீர் ஒன்றுதான். எட்டு அணைக்கட்டில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்தில் வடகால், தென்கால் என்று பிரிந்துவிட்டால் பிறகு தென்கால் தண்ணீர் வடகால் வயலுக்குப் போகாது. கொஞ்சம் மழை கூடினாலும் குறைந்தாலும் தண்ணீர் கால்வாயை விட்டு வழி மாறாது. வாடிங்டனும் இந்தக் குணத்துக்குக் கால்வாய் என்ற சொல்லிலிருந்தே கனலைசேஷன் என்று பெயர் வைத்தார். படத்தின் மறுபக்கம் ஒன்றும் வரைந்தார், அதைப் பலர் பார்ப்பதில்லை. மேட்டுக்கு அடியில் தரையில் முளைகள் அடித்து, முளைகளிலிருந்து கயிறுகள் மேலே போய் அந்த நிலத்தை இழுத்துப் பிடித்திருக்கும். முளைகள் ஜீன்கள். ஒரு கயிறு ஒரு பள்ளத்தை மட்டும் இழுப்பதில்லை, பல கயிறு சேர்ந்துதான் ஒரு பள்ளம்.

அந்தக் கயிறுகளில் முக்கியமானவைக்கு இன்று டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் என்று பெயர், பாடப்புத்தகத் தமிழில் படியெடுத்தல் காரணி. இவை புரதங்கள். டி.என்.ஏ.யில் குறிப்பிட்ட இடத்தில் போய் உட்கார்ந்து பக்கத்து ஜீனைத் திறக்கும், அல்லது மூடும். எல்லாச் செல்லிலும் எல்லா ஜீனும் இருக்கிறது. எந்த மடை திறந்திருக்கிறது என்பதில்தான் கண் செல்லும் ஈரல் செல்லும் வேறுபடுகின்றன. மனிதனிடம் இப்படி மடை திறக்கிறவர்கள் சுமார் 1,600 வகை. அவற்றில் கருவின் வடிவத்தைத் தீர்மானிப்பவை ஒரு பகுதி. 1984-ல் ஈயின் உறுப்பு மாற்றும் ஜீன்களில் ஹோமியோபாக்ஸ் என்ற 180 எழுத்துள்ள பொதுத் துண்டைக் கண்டுபிடித்தார்கள். அதே துண்டு தவளையிலும் எலியிலும் நம்மிடமும் இருந்தது. 1995-ல் கெரிங் குழுவினர் எலியின் பாக்ஸ்-6 ஜீனை ஈயின் காலில் திறந்துவிட்டார்கள். அங்கே ஒரு கண் முளைத்தது, எலிக்கண் இல்லை, ஈக்கண்! வாடிங்டன் இருந்திருந்தால் துள்ளியிருப்பார்.

ரொம்ப முன்னால் ஓடிவிட்டேன். யுத்தம் வந்தபோது அவர் ஈயையும் முட்டையையும் விட்டுவிட்டு விமானப்படையின் கடலோரப் பிரிவில் நீர்மூழ்கிக் கப்பல் வேட்டைக்குக் கணக்குப் போட்டார். குறித்த காலத்தில் கழற்றிச் சரிபார்த்த விமானங்கள் சரிபார்த்த உடனேதான் அதிகம் பழுதாகின்றன என்று அங்கே கண்டது பொறியாளர்களிடையே இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. சைக்கிளை ஓவராயிலுக்குக் கொடுத்தவர்களுக்கு இது தெரிந்த உண்மைதான். 1947-ல் எடின்பரோவில் விலங்கு மரபியல் பேராசிரியரானார், சாகும்வரை அங்கேதான். ஓவியம், தத்துவம், கிராமிய நடனம் என்று எல்லாவற்றிலும் கால் வைத்தவர். மகள்மார் இருவர்: கரோலின் ஹம்ஃப்ரி மானிடவியலில், டூசா மெக்டஃப் கணிதத்தில், இருவருமே பேர் சொல்லும் அறிஞர்கள். குறையும் உண்டு. புதுப்புதுச் சொல் உண்டாக்குவதில் அவருக்குத் தனி ஆசை, பாதிச் சொற்கள் அவரோடு போய்விட்டன. ஆனால் 1942-ல் அவர் வைத்த எபிஜெனிடிக்ஸ் என்ற பெயர் இன்று, கொஞ்சம் பொருள் மாறி, ஒரு பெரிய துறையின் பெயர்.

கோலி மேலே ஏறாது என்று நாங்கள் தேர்வில் எழுதினோம். அது முழு உண்மை இல்லை. 1962-லேயே ஜான் கர்டன் தவளையின் குடல் செல் உட்கருவிலிருந்து தலைப்பிரட்டை வளர்த்தார். 2006-ல் ஜப்பானில் யமனகா எலியின் தோல்பக்கச் செல்களில் நாலே நாலு படியெடுத்தல் காரணிகளைச் சேர்த்து அவற்றை மேட்டின் உச்சிக்கே ஏற்றிவிட்டார். 2012-ல் இருவருக்கும் நோபல். அந்த நாலில் ஒன்றான மிக் என்பது பேர்போன புற்றுநோய் ஜீன். அப்படி ஏற்றிய செல்லிலிருந்து வளர்ந்த எலிகள் சிலவற்றுக்குக் கட்டி வந்தது. மேலே ஏற்றும் வழியும் புற்றுக்குப் போகும் வழியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

இந்த மடைக்காரர்களின் வேலை கருவோடு முடிவதில்லை. குடலின் உள்தோல் சில நாளுக்கொருமுறை புதிதாகிறது. அது ஒவ்வொரு முறையும் குடலாகவே புதிதாவதற்குக் காரணம் சி.டி.எக்ஸ்-2 என்ற காரணி ஆயுள் முழுக்க அங்கே காவல் இருப்பது. பல வருஷம் புண்பட்ட இரைப்பையில் சிலருக்கு அது இடம் தப்பித் திறந்துகொள்கிறது. இரைப்பைத் தோலில் குடல் தோல் முளைக்கிறது. ஈயின் தலையில் முளைத்த கால் ஞாபகம் வருகிறதா? அது புற்று இல்லை, ஆனால் புற்றுக்குப் போகும் பாதையில் ஒரு படி. கருவில் செல்கள் இடம்விட்டு இடம் ஊர்ந்து போக உதவும் ட்விஸ்ட், ஸ்னெயில் என்ற காரணிகள் உண்டு, இரண்டும் ஈயில் கண்டவை. பிறந்தபின் பெரும்பாலும் மூடியிருக்க வேண்டிய அந்த மடைகளைப் புற்று மறுபடி திறந்துகொண்டு உடம்பெங்கும் பரவுகிறது. இதையெல்லாம் வைத்து நன்மையும் உண்டு: எலும்பில் கண்ட புற்று எங்கிருந்து கிளம்பியது என்று தெரியாதபோது, சி.டி.எக்ஸ்-2 இருந்தால் குடல்பக்கம் தேடுங்கள் என்று நோய்க்குறி ஆய்வாளர் சொல்கிறார். ஓடிப்போனவன் பேச்சில் ஊர்வாடை அடிக்கிற மாதிரி.

இனி என் சேக்காளியின் நோய். ரத்த வெள்ளணு எலும்பு மஜ்ஜையில் படிப்படியாக முதிர்கிறது. அந்தச் சரிவில் ப்ரோமைலோசைட் ஒரு நடுப்படி. வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம் வந்து ஒட்டியதும் ஜீன்களைத் திறந்துவிடும் ஒரு காரணி இருக்கிறது. கருவில் உறுப்புகள் அமைவதிலும் இந்த அமிலத்துக்குப் பெரிய பங்கு. இந்த நோயில் 15-ஆவது, 17-ஆவது குரோமோசோம்கள் உடைந்து மாறி ஒட்டிக்கொள்ள, அந்தக் காரணி இன்னொரு புரதத்தோடு பின்னிப்போகிறது. பின்னிப்போனது மடைமேல் உட்கார்ந்து திறக்கவிடாமல் அழுத்துகிறது. கோலி பாதிச் சரிவில் நின்றுவிடுகிறது. முதிராத செல்கள் குவிந்து, ரத்தம் உறையாமல் கசிகிறது. பல்லீறு, நீலத் திட்டு.

செல்லைக் கொல்வதற்குப் பதில் முதிர வைத்தால் என்ன? ஷாங்காய் மருத்துவர்கள் ரெட்டினாயிக் அமிலத்தையே மாத்திரையாக அதிக அளவில் கொடுத்தார்கள். 1988-ல் 24 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். அழுத்தியிருந்தது விலகியது, நின்ற செல்கள் முதிர்ந்து, தங்கள் ஆயுள் முடிந்து தாமாகவே மறைந்தன. பிறகு ஆர்செனிக்கும் சேர்ந்தது. முதல் சில வாரத்து ரத்தக் கசிவைத் தாண்டிவிட்டால், ரத்தப் புற்றுகளிலேயே மிக வேகமாகக் கொன்ற அந்த வகையில் இன்று பத்துக்கு ஒன்பது பேர்வரை பிழைக்கிறார்கள். கட்டிலிருந்து தப்பிய செல்லைத் திரும்பக் கட்டுக்குள் கொண்டுவரலாமா என்று 1935-ல் வாடிங்டன் கிளப்பிய கேள்விக்கு, ஒரே ஒரு நோயில் கிடைத்த முழு விடை இது. மற்ற புற்றுகளில் இவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. குழந்தைகளின் தசைப் புற்று ஒன்றில் பாக்ஸ்-3 என்ற காரணி இதே மாதிரி வேறொன்றோடு பின்னிக்கொண்டிருக்கிறது. அந்தப் பின்னலை அவிழ்க்கும் மாத்திரை இன்னும் வரவில்லை. படியெடுத்தல் காரணிகளின் மேற்பரப்பில் மருந்து பிடித்துக்கொள்ளக் குழி கிடைப்பது அபூர்வம் என்பது ஒரு காரணம். தம்பி தங்கைகளே, வேலை பாக்கி இருக்கிறது.

வாடிங்டன் 1975 செப்டம்பர் 26-ல் எடின்பரோவில் காலமானார். என் தோழன் போய் ஒரு வருஷம் கழித்து. ஹோமியோபாக்ஸையும் பார்க்கவில்லை, ஷாங்காய் மாத்திரையையும் பார்க்கவில்லை. அந்தப் புத்தகத்தை அவன் பெட்டியிலிருந்து எடுத்து நூலகத்தில் நான்தான் சேர்த்தேன். அபராதம் நாலு ரூபாய் சொச்சம் எழுதினார்கள், விஷயம் தெரிந்ததும் நூலகர் அடித்துவிட்டார். போன சந்திப்புக்கு வந்தபோது தேடிப் பார்த்தேன், இருக்கிறது. முதுகு கிழிந்து, துணி ஒட்டி, கருவியல் அலமாரியில் கீழ்த்தட்டில். கோழிக் கரு அத்தியாயத்தில் பென்சில் கோடுகள் அழியாமல் இருக்கின்றன.